ராஜா கொடுத்த பொடி டப்பி

சென்ற மாதம் மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்குப் பிரயாணம் செய்துகொண்டிருந்தோம். பஸ் கிருஷ்ணன்கோவிலில் வந்து நின்றது. நின்றது என்றால், ஆள் ஏற்றி இறக்க நிற்கும் சாதாரண நிற்பு அல்ல. கண்டக்டர் இறங்கிப் போனார். பிறகு டிரைவர் இறங்கிப் போனார். பிறகு இருவரும் சேர்ந்து குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார்கள். இனி அவசரப்பட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு நாமும் இறங்கினோம்.

மேற்கே மலைத்தொடர் நீல நிறமாகத் தெரிந்தது. வத்திராயிருப்புக்குப் பிரியும் சாலையில் மினி பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பக்கத்துப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் கூட்டங் கூட்டமாக நின்று, எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தடியில், "சௌக்கியமா ஐயா?" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினால், நம்முடைய பழைய சிநேகிதர் ஒருவர். வத்திராயிருப்புச் சாலையில் ஒரு சிறு கிராமத்தவர். முப்பது வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே அவருடைய பேத்தி. அவர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்கள்தாம்.

"என்ன காரியமாகப் பிரயாணம்?" என்று கேட்டோம்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். முடிச்சுக்குள் காகிதம்; காகிதத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு டப்பி. உள்ளங்கையில் அடங்கும் அளவு, நீள்வட்ட வடிவம், மூடியின்மேல் கொடியும் பூவுமாகச் செதுக்கல் வேலை, மஞ்சள் நிறம் பளபளத்தது. திறந்து மூக்கினருகே கொண்டு போனோம். எத்தனையோ வருஷங்களுக்கு முன் அதில் இருந்த பட்டணம் பொடியின் காரம் இன்னும் சற்று மிச்சமிருந்தது. நமக்குத் தும்மல் வந்துவிட்டது. பேத்தி சிரித்தாள்.

"எங்கள் தாத்தாவுக்கு ஜமீன்தார் கொடுத்தது. சொக்கத் தங்கம் என்று பாட்டி சொல்லுவாள். இவளுக்குத் தை மாசத்தில் கலியாணம். பவுன் விற்கிற விலையில் இதை உருக்கினால் ஒரு ஜதை வளையலாவது ஆகாதா? ஆசாரியிடம் காட்டலாம் என்று எடுத்து வந்தேன். உருக்கலாமா, கூடாதா? நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்றார் வாத்தியார்.

"எனக்கு வளையல் வேண்டாம் தாத்தா" என்றாள் பேத்தி.

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

நேயர்கள் நம்மை நன்கு அறிவார்கள். தங்கத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது, அது நம்மிடம் இல்லை என்கிற ஒன்றுதான். ஆனால் ராஜாக்கள் கொடுத்த பொடி டப்பிகளைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறோம். பஸ் புறப்படுவதற்கு அவகாசமும் இருந்தது. ஆகையால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறோம்.

நம் ஊர்ப் பொடி தங்கத்தை எதிர்பார்ப்பதல்ல. புகையிலையை வறுத்து இடித்து, நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்துப் பக்குவப்படுத்திய பொடியைக் காய்ந்த மட்டையில் மடித்துக் கட்டிக் கொடுத்தால், இரண்டு நாள் காரம் குறையாமல் இருக்கும். பெரிய பெரிய பண்டிதர்கள் எல்லாம் பொடி மட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் இலக்கணத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலோ பதினெட்டாம் நூற்றாண்டில் பொடி போடுவது ஒரு ராஜாங்க வித்தையாகிவிட்டது. டப்பியை எந்தக் கையில் எடுப்பது, மூடியை எப்படித் தட்டுவது, யாருக்கு முதலில் நீட்டுவது என்பதற்கெல்லாம் முறைகள் இருந்தன. பொடி முக்கியமா, டப்பி முக்கியமா என்று கேட்டால் டப்பிதான் என்று சொல்லும் நிலைமை வந்தது.

அந்த டப்பிகளில் பாரிஸ் பொற்கொல்லர்கள் காட்டிய வேலைத்திறமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கீல் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியாதபடி பக்கச் சுவருக்குள்ளேயே அதை மறைத்துவிடுவார்கள். மூடினால் சத்தம் கேட்பதே அருமை. மேலே வர்ண மீனாவேலை. நடுவில் ராஜாவின் சிறு சித்திரம். சித்திரத்தைச் சுற்றி வைரங்கள். பிரஷ்ய தேசத்து மகா பிரெடரிக் இத்தகைய டப்பிகளில் மோகங்கொண்டு நூற்றுக் கணக்கில் சேர்த்தார். 1759-ல் குனெர்ஸ்டார்ப் யுத்தத்தில் அவரை நோக்கி வந்த குண்டு சட்டைப் பையிலிருந்த பொடி டப்பியில் பட்டு, உயிர் தப்பினார் என்று சொல்லுவார்கள். பொடி போடுவதால் ஒரு நன்மையும் இல்லை என்று வைத்தியர்கள் சொல்லுவது இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் பொய்த்தது போலும்!

ராஜாக்கள் அந்த டப்பிகளைப் பொடி போடுவதற்காகக் கொடுக்கவில்லை. ஓர் உடன்படிக்கை கையெழுத்தானால் அந்நிய மந்திரிக்கு ஒரு டப்பி. ஒரு ஸ்தானாபதி ஊர் திரும்பினால் அவருக்கு ஒரு டப்பி. இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் 1821-ல் முடிசூட்டிக்கொண்டபோது, அந்நிய நாட்டு மந்திரிகளுக்குப் பொடி டப்பி கொடுத்த வகையில் மட்டும் எட்டாயிரம் பவுனுக்கு மேல் செலவாயிற்று. அவற்றைச் செய்து கொடுத்தவர்கள் ரண்டெல், பிரிட்ஜ் என்ற ராஜாங்க நகைக் கடைக்காரர்கள். (இந்தக் கடையின் பெயரை நேயர்கள் சற்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.) மந்திரியின் கையில் பணத்தை வைத்தால் அது லஞ்சம், அதே பணத்தை வைரமாக்கி டப்பிமேல் பதித்துக் கொடுத்தால் மரியாதை. வாங்கினவர்களும் விஷயம் தெரிந்தவர்கள். பலர் டப்பியை நேரே நகைக்காரரிடம் கொண்டுபோய்த் திருப்பி விற்றுவிட்டு ரொக்கமாக வாங்கிக்கொள்வார்கள். நகைக்காரர் படத்தை மட்டும் மாற்றி அதை அடுத்த மந்திரிக்கு அனுப்புவார். நம்முடைய கலியாண வீடுகளில் எவர்சில்வர்ப் பாத்திரங்கள் வீடு வீடாகச் சுற்றி வருவதைப் போலவே அந்த டப்பிகளும் ஐரோப்பாவைச் சுற்றி வந்திருக்கின்றன.

அந்த டப்பிகளுக்கு இன்றைக்கும் மவுசு குறையவில்லை. 2024 நவம்பர் 20-ந் தேதி பாரிஸில் கொன்யாக்-ஜே என்ற பொருட்காட்சி சாலையில், பட்டப் பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகமூடி அணிந்த நால்வர் கண்ணாடிப் பெட்டியைக் கோடரியால் உடைத்து, ஏழு டப்பிகளை வாரிக்கொண்டு போனார்கள். அவற்றில் இரண்டு ஆங்கில ராஜ குடும்பத்தின் சேகரத்திலிருந்து இரவலாக வந்திருந்தவை. லஞ்சமாகப் பிறந்த வஸ்து கொள்ளையாகப் போனதில் அதிசயம் என்ன இருக்கிறது?

"அது வெள்ளைக்காரன் வழக்கம். நம் ராஜாக்கள் அப்படியா?" என்று வாத்தியார் கேட்டார்.

நம் ராஜாக்களும் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த மரியாதைப் பொருள் பெரும்பாலும் நிலைத்து நிற்பதல்ல. 1443-ல் பாரசீக மன்னரின் தூதராக அப்துர் ரஸாக் என்பவர் விஜயநகரத்துக்கு வந்தார். இரண்டாம் தேவராயர் தம்மைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கட்டு வெற்றிலையும், ஐந்நூறு பணம் கொண்ட பையும், கொஞ்சம் பச்சைக் கற்பூரமும் கொடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார். பணம் செலவாகிவிடும், கற்பூரம் கரைந்துவிடும், வெற்றிலையோ மென்றால் போயிற்று. ராஜாவின் கையால் வெற்றிலை வாங்கினதுதான் பெருமை. வருஷா வருஷம் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது அணிந்துகொள்ள, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரைக்குப் போகிறது. மறுநாள் வாடிவிடுகிற மாலைக்கு அவ்வளவு மதிப்பு!

வாங்குகிறவருக்கும் ஒரு மானம் இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடிப் பெருஞ்சித்திரனார் மலைகளைக் கடந்து போனார். அதியமான் நேரில் காணாமல் பரிசிலை மட்டும் உள்ளிருந்து அனுப்பினான். புலவர் அதைத் தொடவில்லை; 'என்னைப் பாராமல் கொடுப்பதை வாங்கிப் போக நான் வியாபாரி அல்ல' என்னும் கருத்துப்படப் பாடிவிட்டுத் திரும்பினார். புறநானூற்றில் 208-ஆம் பாட்டு. பாண்டித்தியம் காட்ட இதைச் சொல்லவில்லை. பரிசில் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை நம்மவர் ஆதியிலேயே அறிந்திருந்தார்கள் என்பதற்காகச் சொன்னோம்.

இந்தச் சீமையிலேயே அந்தச் சிக்கலுக்கு ரத்தக்கறை படிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. யூசுப் கானை, அதாவது கான் சாகிபை, மருதநாயகம் என்றால் எல்லாருக்கும் தெரியும். கம்பெனியாரின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக இருந்து அவர்களுக்கு வெற்றிமேல் வெற்றி தேடித் தந்தவன். கம்பெனியார் மனமகிழ்ந்து அவனுக்குத் தங்கப் பதக்கம் ஒன்று பரிசளித்தார்கள். பிறகு மதுரைச் சீமையையும் திருநெல்வேலிச் சீமையையும் ஆளும் பொறுப்பு அவன் கைக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும் அதில் அடக்கம். அவன் தானே சுயாதீனமாக ஆளத் தலைப்பட்டதும், பதக்கம் கொடுத்தவர்களும் ஆர்க்காட்டு நவாபும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டார்கள். சொந்த ஆட்களே அவனைக் காட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ந் தேதி மதுரையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பதக்கம் மார்பில் தொங்குகிற வரையில் கொடுத்தவனுடைய ஆள், கழற்றினால் துரோகி!

அந்த ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் கதையாவது நன்றாக முடிந்ததா? அவர் சென்னையிலிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் கழுத்தளவு கடன்பட்டவர். அந்தக் கடன்களின் ஆபாசத்தைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-ல் பார்லிமெண்டில் செய்த பிரசங்கம் பிரசித்தமானது. கம்பெனி உத்தியோகஸ்தர் சுதேச மன்னர்களிடம் வெகுமதி வாங்கக் கூடாதென்று 1773-ல் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ராஜாவையும் ராணியையும் அந்தச் சட்டம் கட்டவில்லை. 1777-ல் நவாபு, சார்லட் ராணிக்கு ஐந்து வைரங்களை அனுப்பி வைத்தார். கடன்காரன் வாசலில் நிற்க, சீமைக்கு வைரம் போயிற்று. அதனால் ராஜ்யம் தப்பியதா என்றால், 1801-ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. நவாபின் சந்ததிக்குப் பட்டமும் உபகாரச் சம்பளமுந்தான் மிஞ்சின. வைரங்களோ ராணியின் காலத்துக்குப் பிறகு ஒரு நகைக் கடைக்குப் போய், 1837-ல் ஏலத்துக்கு வந்து, வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் குடும்பத்தை அடைந்தன. எந்த நகைக் கடை? அதே ரண்டெல், பிரிட்ஜ் கடைதான்! மந்திரிகளுக்குப் பொடி டப்பி செய்த கடையும் நம் ஆர்க்காட்டு வைரத்தைக் கைமாற்றிய கடையும் ஒன்றே. ஆர்க்காட்டு வைரம் என்ற பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ராஜ வெகுமதிக்குப் பயந்து அதற்குச் சரியாகப் பூட்டுப் போட்டவர்கள் அமெரிக்கர்கள். பென்ஜமின் பிராங்க்லின் பிரான்ஸில் அமெரிக்க ஸ்தானாபதியாக இருந்து 1785-ல் ஊர் திரும்பினார். பதினாறாம் லூயி மன்னர் வழக்கப்படி தமது சித்திரம் வைத்த டப்பி ஒன்றை அவருக்கு அனுப்பினார். சித்திரத்தைச் சுற்றி 408 வைரங்கள். பிராங்க்லினுக்குத் தர்மசங்கடம். மறுத்தால் நாட்டுக்கு உதவி செய்த மன்னரை அவமதித்ததாகும். வாங்கினால், மன்னரை வேண்டாமென்று யுத்தம் செய்து விடுதலை பெற்ற நாட்டின் பிரதிநிதி ஒரு மன்னரின் வைரத்தை வாங்கியதாகும். அவர் காங்கிரஸ் சபையின் முன் விஷயத்தை வைத்தார். சபை அனுமதித்தது. ஆனால் சபையினரின் மனத்தில் அந்த டப்பி உறுத்திக்கொண்டே இருந்தது. 1787-ல் அரசியல் சட்டம் எழுதியபோது, உத்தியோகம் வகிப்பவர் எவரும் சபையின் சம்மதமின்றி அந்நிய மன்னரிடமோ நாட்டிடமோ வெகுமதி பெறலாகாது என்று ஒரு விதியை வைத்தார்கள். மறுவருஷம் வர்ஜீனியா மகாநாட்டில் எட்மண்ட் ராண்டால்ப், நம்முடைய ஸ்தானாபதிக்கு ஒரு மன்னர் கொடுத்த பெட்டிதான் இதற்குக் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பிராங்க்லின் அந்தச் சித்திரத்தைத் தம் குமாரி சாராவுக்கு உயிலில் எழுதி வைத்தார். வைரங்களைக் கழற்றி நகை செய்து போட்டுக்கொள்ளக் கூடாது. நகை அணியும் வீண் ஆடம்பரத்தை இந்த நாட்டில் புகுத்தக் கூடாது என்பது நிபந்தனை. சாரா கெட்டிக்காரி. நகை செய்யவில்லை, சில வைரங்களை விற்று, புருஷனுடன் ஐரோப்பாவுக்கு யாத்திரை போய்விட்டு வந்தாள்!

இதைச் சொன்னபோது பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நம் நாட்டிலும் அப்படிச் சட்டம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தில் பதினெட்டாவது பிரிவு. ராவ்பகதூர், திவான்பகதூர் முதலிய வால்களையெல்லாம் நறுக்கியது அந்தப் பிரிவுதான். அதிலேயே நான்காவது உட்பிரிவு, சர்க்காரின் கீழ்ப் பதவி வகிப்பவர் ராஷ்டிரபதியின் சம்மதமின்றி அந்நிய நாட்டிடமிருந்து எந்த வெகுமதியும் பெறக் கூடாது என்கிறது. நம் பிரதம மந்திரிக்கும் மற்ற மந்திரிகளுக்கும் வெளிநாடுகளில் கிடைக்கும் பரிசுகளைப் பெற்றுக்கொள்வதற்கு டில்லியில் 'தோஷாகானா' என்று ஒன்று உண்டு. பழைய நவாபுகளும் பிறகு கம்பெனியாரும் வெகுமதிகளைப் போட்டு வைத்த பொக்கிஷ சாலைக்கும் இதே பெயர்தான். அன்று அதிலிருந்து எடுத்து மறுபடியும் வெகுமதி கொடுத்தார்கள். இன்று அது பொதுச் சொத்து.

இவ்வளவும் கேட்டபின் வாத்தியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் தாத்தாவின் கதையை நீங்கள் முழுக்கக் கேட்கவில்லையே" என்றார்.

அவருடைய தாத்தாவும் வாத்தியார்தான். ஜமீன்தாரின் குமாரனுக்கு வீட்டில் பாடஞ் சொல்லிக் கொடுத்தவர். பையன் பரீட்சையில் தேறிய அன்று ஜமீன்தார் சால்வை போர்த்தி இந்த டப்பியையும் கொடுத்தார். ஊரே வந்து பார்த்தது. தாத்தாவும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அதில்தான் பொடி வைத்திருந்தார். 1937-ல் சட்டசபைத் தேர்தல் வந்தது. வரி கட்டுகிறவர்களுக்கும் படித்தவர்களுக்கும் மட்டும் வோட்டு உண்டு; தாத்தாவுக்கு இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஜமீன் காரியஸ்தர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. க்ஷேமலாபங்களை விசாரித்தார். "எங்கே, அந்தப் பொடி டப்பியைக் கொடுங்கள், ஒரு சிட்டிகை போடுவோம்" என்று வாங்கி, பொடி போட்டு, டப்பியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போய்விட்டார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. ஊர் ஊராக அதுவே பேச்சு. பொப்பிலி ராஜாவே, முதல் மந்திரியாக இருந்தவர், தம் சொந்த ஊரில் வி. வி. கிரியிடம் தோற்றுப் போன தேர்தல் அது. தாத்தா இரண்டு இரவு தூங்கவில்லையாம். மூன்றாம் நாள் டப்பியைத் துடைத்துச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜமீன் மாளிகைக்கு நடந்து போனார். ஜமீன்தார் பார்க்கவில்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்குவது வழக்கமில்லை என்று உள்ளிருந்து பதில் வந்தது. தாத்தா திரும்பி வந்தார். தேர்தலன்று போய் மஞ்சள் பெட்டியில் வோட்டைப் போட்டார். அன்று சாயங்காலம் கடையில் பொடி மட்டை ஒன்று வாங்கினார். சாகிற வரையில் மட்டைப் பொடிதான். டப்பியை அவர் மறுபடி தொட்டதே இல்லை. பாட்டிதான் அதைத் துணியில் முடிந்து அரிசிப் பானையின் அடியில் வைத்தாள்.

"இந்தக் கதை எனக்குத் தெரியவே தெரியாதே, தாத்தா!" என்றாள் பேத்தி.

"யார் கேட்டார்கள்?" என்றார் வாத்தியார்.

அதற்குள் கண்டக்டர் விசில் ஊதினார். எல்லாரும் ஏறிக்கொண்டோம். ராஜபாளையம் போவதை ஒரு மணி நேரம் ஒத்திப் போட்டுவிட்டு, நாமும் அவர்களோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். பால்கோவாக் கடைகளின் பாகு வாசனையைத் தாண்டிச் சென்றால் ஆசாரியின் கடை. கிழவர், கம்ப்யூட்டர் இயந்திரம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. டப்பியைக் கையில் வாங்கியதுமே, கனத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். உரைகல்லில் அடியை லேசாக உரைத்தார். மஞ்சள் கோடு விழுந்தது. இன்னும் இரண்டு தரம் உரைத்தார். கோடு வெளுத்துவிட்டது. ஒரு துளித் திராவகம் விட்டுப் பார்த்தார்.

"வெள்ளி. மேலே தங்க முலாம். வேலை நல்ல வேலை. உருக்கினால் கொலுசுக்குக்கூடப் போதாது" என்றார்.

நாம் வாத்தியாரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வீதியைப் பார்த்தோம். பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வாத்தியார்தான் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஜலம் வருகிற மாதிரிச் சிரிப்பு.

"இந்த வெள்ளி டப்பிக்காகவா எங்கள் தாத்தா இரண்டு ராத்திரி தூங்கவில்லை!" என்றார்.

"தங்கமென்று நினைத்துத்தானே தாத்தா, திருப்பிக் கொடுக்கப் போனார்?" என்றாள் பேத்தி.

ஆசாரி டப்பியை ஒரு பழந்துணியால் துடைத்து, உரைத்த இடம் தெரியாதபடி தேய்த்துக் கொடுத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாமென்றார். பேத்தி அதை வாங்கி, முடிச்சுப் போடாமல் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.